கையை விடாமல் எண்ணுங்கள்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் படத்தைப் போட்டு, கீழே ஒரு கும்பிட்ட கை, ஒரு ரோஜாப்பூ, ஒரு அழுகிற முகம் என்று வரிசையாக வைத்திருந்தார். பார்த்தால் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், நிதி இல்லையாம், கீழ் டிவிஷன் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். நீங்கள் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு பூ வைத்துவிட்டுப் போனீர்கள். "என்ன செய்ய, காலம் மாறிப்போச்சு" என்றார் ஒருவர். "அந்தக் காலத்து மேனேஜர் தொரை நல்லவர், அவர் மனசு வைத்ததால் அப்போது தப்பியது" என்றார் இன்னொருவர். அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொரை மனசு வைக்கவில்லை. அவர் மனசு எங்கே இருந்தது என்று அவர் பங்களா நாய்க்கே தெரியாது. அந்த வயதில் என்னோடு ஒரே சாக்கில் உட்கார்ந்து மூக்குறிஞ்சிய நீங்களே இப்படி எழுதினால் மற்றவர்களை என்ன சொல்ல? யார் யாருக்கோ நன்றி சொல்லிப் பழகிய வாய்க்கு நம் வீட்டுக்காரர்கள் செய்த காரியம் மறந்துபோகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தப்பு இருந்தால் அடுத்த முறை பார்க்கும்போது என்னிடம் சண்டை போடுங்கள்.

நம் பள்ளிக்கூடம் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் இருந்தது. விடிந்ததும் வேலையாட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். இலங்கைத் தோட்டங்களில் இருந்து நம் பெற்றோர் துணிமூட்டையோடு கொண்டுவந்த சொல் அது. பந்தலூர்க் கடைவீதியில் இந்தச் சொல்லைச் சொன்னால் அன்றைக்குச் சிரித்தார்கள். பெரட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. எண்ணாத ஆள் இல்லாத ஆள்.

அந்தக் கட்டடம் முன்பு உர ஸ்டோராக இருந்தது. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். நக்கிப் பார்த்தோம் என்பதை இப்போது பேரன் பேத்தி எடுத்தவர்கள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். வாசலில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஃபாக்டரியில் தேய்ந்துபோன பல் சக்கரம் ஒன்று தொங்கியது. அதுதான் மணி. போல்ட்டால் அடித்தால் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம்வரை கேட்கும். அந்தச் சக்கரம் இப்போது எங்கே என்று யாருக்காவது தெரியுமா? பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும்.

நான் நான்காம் வகுப்பு. மழை விட்டுக் கொழுந்து பொங்கும் நேரம். தேயிலைக்கு விலை போகவில்லை, சிக்கனம் செய்ய வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். விலை ஏறியபோது நமக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சிக்கனம் எங்கே தொடங்கும்? வாயில்லாத இடத்தில்தான். முதலில் சாக்பீஸ் நின்றது. பிறகு பெரிய வாத்தியாரை வேறு தோட்டத்துக்கு அனுப்பினார்கள், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் டிராக்டர் வந்து பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனது. ஃபாக்டரிக்கு வருகிறவர்கள் உட்கார இடமில்லையாம்.

மிஞ்சியது டீச்சர் ஒருவர்தான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது. பந்தலூரில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் வாடகை அறையில் தங்கி, கறுப்புக் குடையோடு தினமும் ஏறி வருவார். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர். அவர் கண்டுபிடித்த வழி உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், ஐந்தாம் வகுப்பு நடுவில் வாசலைப் பார்த்து. எனக்குக் கிழக்குச் சுவர். முதுகுக்குப் பின்னால் ஒன்றாம் வகுப்பு "அம்மா, ஆடு" என்று கத்தும், பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு பின்னக் கணக்கில் முழிக்கும். ஒரு வருஷத்தில் நான் எல்லா வகுப்பையும் படித்தேன், எதையும் முழுசாகப் படிக்கவில்லை.

சாக்பீசுக்குப் பதிலாக ரோட்டோரம் மண் சரிந்த இடத்தில் வெள்ளைக் களிமண் தோண்டினோம். விரல் தடிமனில் உருட்டி, மதியக் கஞ்சி கொதிக்கும் அடுப்பின் மேட்டில் வரிசையாகக் காய வைப்போம். எழுதும்போது கீச்சென்று பல் கூசும். எழுதுபலகைக்கு உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகை. கரியும் இலைச்சாறும் குழைத்து ஒரு பக்கம் கறுப்பாக்கினோம். மறுபக்கம் தோட்டத்து முத்திரை அப்படியே இருந்தது. பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்துக் கூரை ஓட்டையில் செருகினோம். வெயில் அடித்தால் கூரை அங்கங்கே மின்னும். உட்காரச் சாக்கு. வீட்டுக்குப் போகும்போது நம் பாவாடை, டிராயர் எல்லாம் தேயிலைத் தூள் மணக்கும்.

டீச்சர் கெட்டிக்காரி என்று தோட்டமே பேசியது. தொரை ஒரு முறை ஜீப்பில் இருந்து இறங்காமலே எட்டிப் பார்த்து, "வெரி குட் டீச்சர், ஒண்ணும் இல்லாமயே நல்லா நடத்துறீங்க" என்றார். டீச்சர் முகம் மலர்ந்தது. நாங்களும் கை தட்டினோம். அடுத்த மாதம் மதியக் கஞ்சிக்கு வந்துகொண்டிருந்த விறகு நின்றுபோனது. குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது அந்த வயதில் தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. இல்லாததைக் கொண்டு சமாளிப்பது பெருமை என்று அவர் நம்பினார். சமாளிக்கச் சமாளிக்க, இன்னும் எதைப் பிடுங்கலாம் என்று அவர்கள் பார்த்தார்கள். விறகையும் நாங்களே பொறுக்கினோம் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் கண்டக்டர் வந்தார். பஸ் கண்டக்டர் அல்ல, கொழுந்துக்காட்டை மேற்பார்க்கும் கண்டக்டர். முழங்கால்வரை சாக்ஸ் போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு திரிவாரே, அவர்தான். டீச்சரை மரத்தடிக்கு அழைத்து ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது டீச்சர் கையில் இருந்த களிமண் குச்சி இரண்டாக உடைந்திருந்தது. ஐந்து வகுப்பையும் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்தார்.

"கண்ணுகளா, நாளைக்கு ஒருத்தர் உடாம அல்லாரும் வரோணும். மேல இருந்து ஆபீசர் வர்றாரு. உங்களை எண்ணிப் பாத்து எழுதிக்கிட்டுப் போவாரு. காச்சல் கீச்சல்னு யாரும் படுத்துக்கப் படாது. அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க."

எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்பதையும், பிறகு கீழ் டிவிஷனுக்கு யானை இறங்கும் சதுப்பைத் தாண்டி நாங்கள் நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்திருப்பார். அது அவர் செய்த பிசகு.

நான் எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, ஓடிப்போய், அம்மா கூடையைக்கூட இறக்காத நிலையில், "அம்மா, நாளைக்கு எங்களை எண்ண ஆபீசர் வர்றாரு" என்றேன். நல்ல சேதி சொல்வதாக எனக்கு நினைப்பு. அம்மா கூடையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். பக்கத்து அறைகளில், பக்கத்துக் காம்பராக்களில், உங்கள் அம்மாக்களிடம் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் குழாயடியில் கூடித் தணிந்த குரலில் பேசினார்கள். தண்ணீர் நிரம்பி வழிந்தது, யாரும் குடத்தை நகர்த்தவில்லை.

இது ஏன் என்று வெளியாட்களுக்குப் புரியாது, நமக்குப் புரியும். இலங்கைத் தோட்டங்களில் இப்படித்தான் தொடங்கியது. ஒருநாள் ஆபீசர் வந்து லயம் லயமாக எண்ணினார். இன்னார் பிள்ளை இத்தனை என்று எழுதிக்கொண்டு போனார். அதன்பிறகு நீ இந்த நாடு, நீ அந்த நாடு என்றார்கள். அம்மாவின் அக்காவை, அதாவது என் பெரியம்மாவை, அந்தப் பக்கம் எண்ணினார்கள். அம்மாவை இந்தப் பக்கம் எண்ணினார்கள். நான் கைக்குழந்தையாகக் கப்பல் ஏறினேன். பெரியம்மா ரயிலடியில் என் காலில் இருந்த ஒரு கொலுசைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டாளாம், ஞாபகத்துக்கு. மற்றது எங்கள் டிரங்குப் பெட்டியில் வெகுகாலம் கிடந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா?

மறுநாள் சங்கு ஊதியதும் அம்மா என்னை எழுப்பி, ரொட்டியைக் கையில் திணித்து, தன்னோடு நடக்கவைத்தாள். பள்ளிக்கூடம் என்றேன். "வாயைத் தொறக்காம வா" என்றாள். பெரட்டு முடிந்ததும் எல்லாப் பெண்களும் பிள்ளைகளோடு கொழுந்துக்காட்டுக்குள் இறங்கினார்கள். சரிவின் நடுவில் நம்மை எல்லாம் செடிகளுக்கு அடியில் உட்காரவைத்தார்களே, நினைவிருக்கிறதா? மேலே பார்த்தால் பச்சைத் தட்டு, கீழே வளைந்து முறுக்கிய கிளைகள், ஈர மண், அட்டைகள். புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் காலில் தடவியிருந்தார்கள். அப்படியும் ஒன்று என் விரலிடுக்கில் ஏறிவிட்டது. பிடுங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது குடித்துக் கொழுத்துத் தானாகவே விழுந்தது.

அங்கிருந்து பள்ளிக்கூடம் தெரிந்தது. ஜீப் வருவது தெரிந்தது. டீச்சர் வெளியே வந்து பாதையைப் பார்த்தார். மணி அடித்தார். நிறுத்திப் பார்த்தார். திரும்ப அடித்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்ப வந்தது. போயே ஆக வேண்டும் என்று எழுந்தேன். அம்மா இழுத்து உட்காரவைத்து என் வாயைப் பொத்தினாள். கை முழுக்கக் கொழுந்துச் சாறு, கசப்பு என் நாக்குவரை வந்தது.

அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தது டீக்கடைக்கார மலையாளத்தாரின் மகளும் வாட்ச்மேனின் இரட்டைப் பிள்ளைகளும் மட்டும்தான். கப்பல் பார்க்காத வீட்டுப் பிள்ளைகள். ஆபீசர் கண்ணால் பார்த்ததை எழுதிக்கொண்டு போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சாயங்காலம் டீச்சர் லயத்துக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் லயத்துக்கு வந்ததே இல்லை. சேலைக் கரை எல்லாம் சேறு. எங்கள் காம்பரா வாசலில்தான் முதலில் நின்றார்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! உங்க புள்ளைகளுக்குத்தானுங்க நான் மண்ணை உருட்டி எழுதிக்கிட்டு இருக்கறேன். கொழுந்து பறிக்கக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு இன்னைக்குத்தானா நாள் கெடச்சுது?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "கொழுந்து எடுக்கவா கூட்டிப் போனேன்? ஒளிச்சு வச்சேன் டீச்சரம்மா, ஒளிச்சு வச்சேன். எண்ணிப்புட்டுப் போனா அடுத்தாப்புல என்ன வரும்னு உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். எங்கக்காளை எண்ணித்தான் அந்தாண்ட நிறுத்துனாக. எண்ணுனா அனுப்பிருவாக."

டீச்சர் வாசல் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், கொலுசுவரைக்கும். இவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று டீச்சர் அதுவரை நினைத்திருந்தார். டீச்சர் ஆபீஸ் பக்கத்து ஆள் என்று லயம் நினைத்திருந்தது. நாலு சுவருக்கும் பாடம் நடத்திய அம்மாளும், நாலு மலைக்குக் கொழுந்து எடுத்த அம்மாளும் அதுவரை ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை மனசு விட்டுப் பேசியதில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆற்றாமை.

"என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றார் டீச்சர்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எண்ணுறது எதுக்குன்னு."

"தலை கொறஞ்சா பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவாங்க. நா என்ற ஊட்டுக்குப் போயிருவேன். இதுக யானைத்தடத்துல நடக்கோணும். எத்தனை பேரு நடக்கும்? பொட்டப்புள்ளைக ஒண்ணு நடக்குமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணி போட்டு டீச்சருக்கு ஒரு கோப்பை கொடுத்தாள். சீனி கையில் வைத்துக் கடித்துக் குடிக்கும் வழக்கம் டீச்சருக்குத் தெரியாது. மொத்தச் சீனியையும் முதலிலேயே வாயில் போட்டுக்கொண்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டீச்சருக்கும் வந்தது.

"மறுபடி எண்ணச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"மறுபடி வர மாட்டாங்கக்கா. எழுதியாச்சு."

"எங்களைத் தெனம் விடியக்காலம் எண்ணத்தானே செய்யிறாக. அந்த எடத்துல நிப்பாட்டுவோம். எல்லாரு கண்ணுக்கும் முன்னால. பொறவு எப்புடி எண்ணாமப் போவாகன்னு பாப்போம்."

இனி நீங்கள் எல்லோரும் வருகிறீர்கள். மறுநாள் காலைப் பனி. பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாத பனி. பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நாம். கையில் தேயிலைப்பெட்டிப் பலகை, தோட்டத்து முத்திரை வெளியே தெரிய. யார் அப்படிப் பிடிக்கச் சொன்னது என்று தெரியவில்லை, டீச்சராகத்தான் இருக்கும். நல்ல குறும்புக்காரி அவர்.

கண்டக்டர் பேர் வாசிக்க வந்து, "என்ன கூத்து இது, புள்ளைகளை அங்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் தொரையின் ஜீப் வந்தது.

"எண்ணுங்க தொரை" என்றாள் அம்மா. "நேத்து ஒளிச்சு வச்சது எங்க பிசகு. இன்னைக்கு நிக்குறாக. எண்ணி எழுதச் சொல்லுங்க. எழுதுன பொறவு மலைக்குப் போறோம்."

தொரை சிரித்தார். "பாரும்மா, எனக்கும் வருத்தம்தான். பள்ளிக்கூடம் இருந்தா எனக்கென்ன கசக்குதா? கணக்கெடுப்பு முடிஞ்சு போச்சு. நா என்ன பண்ண முடியும்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அம்மா அந்தப் பழமொழியைச் சொல்லவில்லை, நான்தான் இப்போது சொல்கிறேன். அவள் செய்தது வேறு. தலையில் இருந்து கூடைக் கயிற்றைக் கழற்றி, கூடையைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கூடையாகக் கவிழ்ந்தது.

"இன்னைக்கு ஒருத்திக்கும் பேர் கெடையாது" என்று கண்டக்டர் கத்தினார்.

"வேணாம்" என்று பின்வரிசையில் இருந்து யாரோ சொன்னார்கள். யார் என்று பனியில் தெரியவில்லை. உங்களில் ஒருவரின் அம்மாதான்.

பேர் இல்லை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ரொட்டி பாதியாகும். அடுத்த நாள் கால்வாசியாகும். அதற்குப் பிறகு வெறும் தேத்தண்ணி. ஆனால் கொழுந்து காத்திருக்காது. பொங்கும் நேரத்தில் விட்டால் முத்திப்போய் உதவாத இலையாகிவிடும். ஃபாக்டரியில் பாய்லருக்கு விறகு போட்ட என் அப்பா, இயந்திரம் சும்மா நிற்கிறது, சும்மா நிற்கும் சத்தம் காதை அடைக்கிறது என்றார். அப்படித்தான் சொன்னார். நாங்கள் தினமும் விடியும்போது களத்துக்குப் போனோம், நின்றோம். டீச்சர் கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியில் கரும்பலகையை மாட்டி அங்கேயே பாடம் நடத்தினார். உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். என் அம்மா ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவாள், நான் அடியெடுத்துக் கொடுப்பேன். பசி இருந்தது. அந்தக் களத்தில் நான் பட்ட சந்தோஷமும் பொய்யில்லை.

கடைசியில் ஜீப் வந்தது. அதே ஆபீசர். பள்ளிக்கூடத்துக்குள் வந்து எண்ணுகிறேன் என்றார். இங்கேதான் எண்ண வேண்டும் என்றார்கள் பெண்கள். சரி, பெரியவர்கள் எல்லாம் தள்ளி நில்லுங்கள் என்றார். அப்போதுதான் அம்மா முன்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

"தள்ளி நிக்க மாட்டோம் சார். ஒருக்கா தள்ளி நின்னுதான் அக்காளை விட்டேன். எண்ணுறதுன்னா இப்புடியே எண்ணுங்க. கையை விட மாட்டோம்."

ஒவ்வொரு தாயும் வந்து தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மலைக்கு வராத, அம்மா இல்லாத பிள்ளைகளும் இருந்தார்களே. அவர்களை யார் யாரோ பிடித்தார்கள். டீச்சரின் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். ஆபீசர் பென்சிலை எடுத்தார். பிறகு ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் பென்சிலால் லேசாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது அம்மாவின் பிடி இறுகியதில் என் விரல் நொந்தது. பென்சில் தொட்டது, தாண்டிப் போனது. நான் அங்கேயேதான் இருந்தேன். அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் நின்றது. பெஞ்ச் திரும்பி வரவில்லை, பெரிய வாத்தியாரும் வரவில்லை. ஆனால் சாக்பீஸ் வந்தது, விறகு வந்தது. தொரை ஒரு விழாவில் தான்தான் பேசி வாங்கிக்கொடுத்ததாகச் சொன்னார், நாம் கை தட்டினோம். பாருங்கள், நம் கை தட்டும் புத்தி எங்கே இருந்து வந்தது என்று. அதைத்தான் உங்களில் ஒருவர் இப்போதும் நம்பிக்கொண்டு குழுவில் எழுதுகிறார்.

நான் பிற்பாடு சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராகிப் பணி ஓய்வு பெறும்வரை தினமும் பிள்ளைகளை எண்ணித்தான் அரிசி போட்டேன். அதனால் "பிள்ளைகளே இல்லை" என்று நீங்கள் எழுதியதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று போனேன். பள்ளிக்கூடத்தை எப்போதோ அரசாங்கம் எடுத்துக்கொண்டது, சுவர் இப்போது வியர்ப்பதில்லை. உள்ளே விரல்விட்டு எண்ணும்படி சில பிள்ளைகள். இருந்த இரண்டு டீச்சரில் ஒருவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மிஞ்சிய பெண் தன் கைப்பொருளில் பிரிண்டருக்கு மை வாங்கிச் சமாளிக்கிறார். சமாளிக்காதே தாயி என்று சொல்லிவிட்டு லயத்துக்கு ஏறினேன்.

நம் லயத்தில் இப்போது ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கொழுந்து எடுக்க வந்தவர்கள். நான் வளர்ந்த அதே காம்பரா. நான் தோள்பையும் கண்ணாடியுமாக வருவதைப் பார்த்ததும் கதவு சாத்திக்கொண்டது. வாசலில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது, அதன் பட்டையில் மஞ்சள் பூ. தட்டினேன். ஒரு இளம்பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"புள்ள இல்ல அக்கா."

"செருப்பு இருக்கே."

அவள் செருப்பைப் பார்த்தாள். கொழுந்து, கூடை, பேர் என்று வேலைக்கு வேண்டிய தமிழ் மட்டும்தான் அவளுக்கு வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு தேடித்தேடிச் சொன்னாள். "ஆபீசர் எண்ணும். எண்ணினா அனுப்பும்."

நான் அங்கேயே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அன்று டீச்சர் உட்கார்ந்த அதே கல். அழுதேன் என்பதை மறைக்க எனக்கு என்ன இருக்கிறது. அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் பின்னால் இருந்து ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது, அவள் கை அனிச்சையாகப் பின்னால் போய் அதன் வாயைப் பொத்தியது. அந்தக் கசப்பு இத்தனை வருஷம் கழித்து என் நாக்கில் வந்தது.

எண்ணுவது எதற்கு என்று அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குப் பாதி. என் கையையும் குழந்தையின் கையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். அது புரிந்தது. அவள் மற்றக் கதவுகளைத் தட்டினாள். காம்பராவுக்குக் காம்பரா பிள்ளைகள் வெளியே வந்தன, எத்தனை பிள்ளைகள்! ஆதார் பிறகு வரட்டும், முதலில் பிள்ளை வரட்டும் என்று இப்போதைய டீச்சர் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஆபீசர் எண்ண வருகிறார். தாய்மார் பலருக்கு அன்று மலையில் வேலை, விட மாட்டார்கள். நான் களத்தில் நிற்பேன். என் ஒரு கையில் மஞ்சள் பூச் செருப்புக்காரி, மறு கையில் அவள் தம்பி. எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது. கும்பிட்ட கையைப் படமாக அனுப்பியவர்களே, அந்தக் கைகள் எனக்கு அங்கே வேண்டும். பஸ் ஏறி வாருங்கள், ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், எண்ணி முடிக்கும்வரை விடாதீர்கள்.